மூணேகால் வருஷமா லீவே போடல, இப்போ 9 நாள் குற்றாலம் போலாமுங்களா? கம்பெனி தாங்குமா?

பீளமேடு_பிஸி கேட்டது:

வணக்கமுங்க. கோயம்புத்தூர்ல சின்னதா ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தறேன், என்னைச் சேர்க்காம 11 பேரு. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் கணக்கு பாக்கற சாஃப்ட்வேர், அதாவது துணி நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங்னு யூனிட் யூனிட்டா சுத்தும்போது எத்தனை கிலோ போச்சு எத்தனை கிலோ திரும்ப வந்துச்சுன்னு சலான் வச்சு பிடிக்கறது, கூடவே பீஸ் ரேட் சம்பளக் கணக்கும். இன்வெஸ்டர் யாரும் இல்லீங்க, சொந்தக் காசு, பாதி மாமனார் காசு. ஆரம்பிச்சப்ப ரெண்டு பேரு இருந்தோம், போன வருஷம் பார்ட்னர் கனடா போயிட்டான், சண்டை எல்லாம் இல்ல, நல்லபடியாத்தான் போனான்.

மேட்டர் என்னன்னா ஆரம்பிச்சதுல இருந்து ஒரு நாள் கூட முழுசா லீவு எடுத்ததில்ல. தீபாவளி அன்னிக்கு கூட ஒரு டையிங் யூனிட்காரருக்கு போன்ல சலான் கேன்சல் பண்ணிக் குடுத்துட்டு இருந்தேன், எண்ணெய் தேச்ச தலையோட. சனிக்கிழமைன்னா கேக்கவே வேண்டாம், திருப்பூர்ல சம்பள நாள், மத்தியானம் 3 மணில இருந்து ராத்திரி 9 வரைக்கும் போன் கீழ வைக்க முடியாது.

இப்ப ரெண்டு மாசமா கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்குங்க. மறதி. பேசிட்டு இருக்கும்போதே எதிர்ல இருக்கறவர் பேரு மறந்துபோகுது. போன மாசம் ராத்திரி 2 மணிக்கு ஒரு எக்ஸ்போர்ட்டருக்கு கொட்டேஷன் அனுப்பினேன், 4 லட்சம், வரி தனின்னு போட வேண்டியத வரி உட்படன்னு அடிச்சு அனுப்பிட்டேன், அவரு காலைல 7 மணிக்கே ஓகேன்னு ரிப்ளை போட்டுட்டாரு. 61 ஆயிரம் போச்சு. அதுக்கு அடுத்த நாள் ஒண்ணுமே இல்லாத விசயத்துக்கு டெஸ்டிங்ல இருக்கற பொண்ண எல்லார் முன்னாடியும் கத்திட்டேன், அது இன்னும் என்கிட்ட சரியா பேசறதில்ல.

வீட்டம்மாவுக்கு ஊரு தென்காசி பக்கம். சாரல் ஆரம்பிச்சாச்சு, ஜூலை 5ல இருந்து 13 வரைக்கும் போறோம், நீ வந்தாலும் வராட்டியும் நானும் பாப்பாவும் போறோம்னு சொல்லிட்டா. எனக்கும் ஆசைதான். ஆனா 9 நாள் நான் இல்லாம ஓடுமான்னு பயமா இருக்கு. லேப்டாப் எடுத்துட்டுப் போயி தினமும் ரெண்டு மணி நேரம் மட்டும் பாத்துக்கலாமா? இல்ல முழுசா விட்டுடலாமா? இந்த மாதிரி நடத்தறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

---

வடை_போச்சே:

போயிட்டு வாங்க ப்ரோ, ஒண்ணும் ஆகாது. ஆனா ஒரு விசயம், வேலைய மறக்க தென்காசி போறீங்க, அங்க மத்தளம்பாறைலதான் ஸோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி ஆபீஸே இருக்கு. அருவில குளிக்கறப்ப பக்கத்துல நிக்கறவன் என்ன ஸ்டாக்ல கோடு எழுதறீங்கன்னு கேப்பான் பாருங்க

---

ஹஸில்_மாமா:

எல்லாரும் போ போன்னுதான் சொல்வாங்க, நான் வேற மாதிரி சொல்றேன், கோச்சுக்காதீங்க. இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023ல வாரத்துக்கு 70 மணி நேரம் வேலை செய்யணும்னு சொன்னப்ப எல்லாரும் கிண்டல் பண்ணாங்க, ஆனா எதையாவது கட்டி எழுப்புனவங்களுக்கு தெரியும் அது எவ்ளோ உண்மைன்னு. மொத அஞ்சு வருஷம் ஃபவுண்டருக்கு லீவுன்னு ஒண்ணு கிடையாது பாஸ். எங்க தெரு மளிகைக்கடைக்காரர் காலைல 5 மணிக்கு கடை திறப்பாரு ராத்திரி 11க்கு சாத்துவாரு, 25 வருஷமா பாக்கறேன், அவருக்கு பர்ன் அவுட்டுன்னு யாரும் சொல்லிக் குடுக்கல. நீங்க குற்றாலத்துல எண்ணெய் தேச்சு குளிச்சுட்டு இருக்கும்போது உங்க போட்டிக்காரன் அவிநாசி ரோட்டுல டெமோ குடுத்துட்டு இருப்பான். லேப்டாப்போட போங்க, அவ்ளோதான்.

---

கல்லாப்பெட்டி_மகன்:

ஹஸில் மாமா, மளிகைக்கடைய இழுத்துட்டீங்க, அதனால நான் வர வேண்டியதா போச்சு. எங்கப்பா சென்னைல 34 வருஷம் மளிகைக்கடை வச்சிருந்தாரு, சொந்த ஊரு திருச்செந்தூர் பக்கம். நீங்க சொல்ற அதே 5 மணி, அதே 11 மணி. ஆனா நீங்க ஒண்ண கவனிக்கல. வருஷா வருஷம் ஊர்ல கோயில் கொடை, அதாவது திருவிழான்னா எங்கப்பா பத்து நாள் கடைல இருக்க மாட்டாரு. யார் செத்தாலும் பொழைச்சாலும் கொடைக்கு போயே ஆகணும். சின்ன வயசுல சில வருஷம் ஷட்டர இழுத்துப் பூட்டி சாக்பீஸ்ல எழுதிப் போட்டுட்டுத்தான் போவோம். அப்புறம் கடைல நாலு பையங்க வந்தப்புறம் மூத்த பையன்கிட்ட சாவிய குடுத்துட்டு போவாரு. போன் கிடையாது அப்போ, ஊர்ல ஒரே ஒரு எஸ்டிடி பூத், அதுக்கும் ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும், யாரு நடப்பா.

அந்த பத்து நாள்லதான் அந்தப் பையன் கடைய கத்துக்கிட்டது. கொத்தவால் சாவடில எவன்கிட்ட பருப்பு எடுக்கறது, எந்த வீட்டுக்கு கடன் குடுக்கலாம், எந்த வீட்டுக்கு சிரிச்சுக்கிட்டே இல்லன்னு சொல்றது, இதெல்லாம் அப்பா கல்லால உக்காந்திருக்கற வரைக்கும் அவனுக்கு வர வேண்டிய அவசியமே இல்ல. ஒரு வருஷம் திரும்பி வந்து பாத்தா அவன் தப்பா கடன் குடுத்து 900 ரூபா வராம போச்சு, அப்போ அது பெரிய காசு, அப்பா திட்டினாரு, ஆனா அடுத்த கொடைக்கும் அவன்கிட்டதான் சாவி குடுத்தாரு. அந்தப் பையன் இப்போ பெரம்பூர்ல சொந்தமா ரெண்டு கடை வச்சிருக்காரு. ஸோ உங்க தெரு அண்ணாச்சி லீவே போடலன்னு நீங்க நினைக்கறீங்க, அவரு ஊருக்குப் போனது உங்களுக்குத் தெரியாத அளவுக்கு கடை ஓடியிருக்கு, அதான் விசயம்.

அந்த 70 மணி நேர மேட்டருக்கும் ஒண்ணு சொல்லிடறேன். மொதல் உலகப் போர் சமயத்துல இங்கிலாந்துல குண்டு தயாரிக்கற ஃபேக்டரி ஆளுங்களோட பழைய கணக்க எடுத்து ஸ்டான்ஃபோர்டுல ஜான் பென்கவெல்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர் 2014ல ஒரு ஆய்வு பண்ணாரு. 50 மணி நேரத்துக்கு மேல போனா ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வர்ற உற்பத்தி இறங்குது, 70 மணி நேரம் வேலை செஞ்சவங்க செஞ்சு முடிச்சதும் 56 மணி நேரக்காரங்க செஞ்சதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். மிச்ச 14 மணி நேரம் சும்மா நின்னதுதான் மிச்சம். அது குண்டு கணக்கு, எண்ணிப் பாக்கலாம். நம்ம கொட்டேஷன் கணக்குல 61 ஆயிரம் போனாதான் தெரியுது.

---

முன்னாள்_சிஇஓ_இந்நாள்_சித்தப்பா:

தம்பி, அந்த மறதின்னு எழுதினீங்க பாருங்க, அத படிச்சதும் எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு, ஏன்னா எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. நான் 2016ல இருந்து 2020 வரைக்கும் சென்னைல ஒரு லாஜிஸ்டிக்ஸ் ஸ்டார்ட்டப் நடத்தினேன், பேரு வேண்டாம், இப்போ அது இல்ல. கடைசி ஒன்றரை வருஷம் தினமும் அஞ்சு மணி நேரத்துக்கு மேல தூங்கல, பெருமையா வேற சொல்லிட்டு திரிஞ்சேன். ஒரு நாள் ஓஎம்ஆர்ல வண்டி ஓட்டிட்டு போறேன், டோல்கேட் தாண்டினது ஞாபகமே இல்ல, சோழிங்கநல்லூர்ல இருக்க வேண்டியவன் கேளம்பாக்கத்துல இருக்கேன். அதுக்கும் டாக்டர்கிட்ட போகல. அதே மாசம் ஒரு முக்கியமான காண்ட்ராக்ட்ல கையெழுத்து போட்டேன், பெனால்டி பக்கத்த படிக்காமலே. கம்பெனி மூடினதுக்கு பல காரணம் உண்டு, ஆனா அந்தப் பக்கம் ஒரு பெரிய காரணம்.

2000ல வந்த ஒரு ஆஸ்திரேலிய ஆய்வு இருக்கு, தொடர்ந்து 17ல இருந்து 19 மணி நேரம் முழிச்சிருந்தா ஆளோட வேகமும் கவனமும் ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கற மாதிரி ஆயிடுதாம். நம்ம ஊர் சட்டப்படி 0.03 தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. ஸோ நீங்க காலைல 7 மணிக்கு எந்திரிச்சு ராத்திரி 2 மணிக்கு கொட்டேஷன் அடிச்சது, போலீஸ்காரர் ஊதச் சொன்னா மாட்டிக்கற நிலைமைல அடிச்ச கொட்டேஷன். அதுல வரி உட்படன்னு விழுந்ததுல ஆச்சரியமே இல்ல.

ஷேர் புரோக்கிங் கம்பெனி ஸெரோதாவோட நிதின் காமத் 2024 ஆரம்பத்துல தனக்கு லேசா ஸ்ட்ரோக் வந்துச்சுன்னு அவரே வெளிப்படையா எழுதினாரு. அப்பா இறந்தது, தூக்கம் இல்லாதது, அசதி, உடம்புல தண்ணி குறைஞ்சது, அளவுக்கு மேல எக்சர்சைஸ் பண்ணது, இதுல எது வேணா காரணமா இருக்கலாம்னு சொன்னாரு. உடம்ப அவ்ளோ கவனிக்கற மனுஷன் அவரு, சிக்ஸ் பேக் எல்லாம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓவும் சேர்ந்து 2021ல சொன்னதும் அதுதான், வாரம் 55 மணி நேரத்துக்கு மேல வேலை செய்யறவங்களுக்கு 35-40 மணி நேரக்காரங்கள விட ஸ்ட்ரோக் ஆபத்து 35 சதவீதம் அதிகம்னு. பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க, ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பிபி, சுகர், தைராய்டு, பி12 மட்டும் பாத்துட்டு போங்க. மறதிக்கு சில சமயம் சும்மா பி12 குறைவு கூட காரணமா இருக்கும்.

லேப்டாப்பா? வேண்டாம் தம்பி. ரெண்டு மணி நேரம்னு ஆரம்பிக்கும். நான் ஏற்காடு போயி ரூம விட்டு வெளிய வராம திரும்பி வந்தவன்.

---

மரத்தடி_மேனேஜர்:

நான் ஸ்டார்ட்டப் ஆளே இல்லை, பேங்க்ல 33 வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவன். மருமகன் இந்த தளத்தைக் காட்டினார், அதனால் படிக்கிறேன். ஒரு விஷயம் சொல்லலாம் என்று தோன்றியது.

பேங்க்ல லீவு என்பது சலுகை மட்டும் இல்லை தம்பி, சில சீட்டுக்கு அது கட்டாயம். டிரஷரி, அதாவது பேங்க்கின் பணத்தை முதலீடு செய்கிற பிரிவு, மாதிரி முக்கியமான இடங்களில் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை சேர்ந்தாற்போல குறைந்தது 10 வேலை நாள் லீவில் போயே ஆகவேண்டும் என்று ரிசர்வ் பேங்க் விதி, 2021ல் அதை இன்னும் இறுக்கினார்கள். முன்கூட்டி சொல்லவும் மாட்டார்கள், நாளையில் இருந்து நீ லீவு என்பார்கள். ஆபீஸ் மெயிலைத் தவிர சிஸ்டம் எதையும் தொட முடியாது. இது யாருடைய ஆரோக்கியத்துக்காகவும் போட்ட விதி இல்லை, அந்த ஆள் இல்லாதபோது என்ன வெளியே வருகிறது என்று பார்க்கத்தான்.

எங்கள் பிராஞ்ச் ஒன்றில், எந்த ஊர் என்பது வேண்டாம், ஒருத்தர் ஆறு வருஷமா லீவே போடவில்லை. தங்கமான மனுஷன் என்று ரீஜனல் ஆபீஸ்ல கைதட்டி ஷீல்டு கூட கொடுத்தார்கள். அம்மை போட்டு ரெண்டு வாரம் படுத்தார். அவர் சீட்டில் வேறு ஒரு பெண் உட்கார்ந்தாள், மூன்றாவது நாளே கணக்கில் இடிக்கிற இடம் எல்லாம் வரிசையா வெளியே வந்துவிட்டது. அப்புறம் அவருக்கு நிஜமாகவே லீவு கிடைத்தது, சஸ்பென்ஷன்.

உங்களிடம் திருட்டு இல்லை, நல்லவர்தான். ஆனால் உங்கள் கம்பெனியில் எத்தனை விஷயம் உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது, நீங்கள் சீட்டில் இருக்கிற வரைக்கும் அது வெளியே வராது. இன்னும் ஒரு கணக்கு, 9 நாளில் சனி ஞாயிறு கழித்தால் வேலை நாள் எவ்வளவு தேறும்? பேங்க் விதிப்படி பத்தாது.

---

வடை_போச்சே:

சார் செம. நெட்ஃப்ளிக்ஸ்ல கேயாஸ் மங்கின்னு ஒரு ப்ரோக்ராம் வச்சிருந்தாங்க, ஓடிட்டு இருக்கற சர்வர்ல ஏதாவது ஒண்ண கண்ண மூடிட்டு ஆஃப் பண்ணிடும், மிச்சம் தாங்குதான்னு பாக்க. ரிசர்வ் பேங்க் மனுஷங்கள வச்சு அத பண்ணுதுன்னு இப்பதான் தெரியும்

---

ஆடிட்டர்_ஆபீஸ்_அக்கா:

லீவு எடுக்கலாமா வேண்டாமான்னு எல்லாரும் பேசறீங்க, தேதிய யாருமே பாக்கல. ஜூலை 5ல இருந்து 13 ரொம்ப மோசமான தேதி தம்பி. 7ஆம் தேதி டிடிஎஸ், அதாவது பிடிச்ச வருமான வரி கட்டணும், 11 ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கு), 15 பிஎஃப் இஎஸ்ஐ, 20 ஜிஎஸ்டிஆர்-3பி (ஜிஎஸ்டி வரி கட்டற ரிட்டர்ன்). நீங்க மாசாமாசம் ஃபைல் பண்றவரா இருந்தா ஒவ்வொண்ணுக்கும் உங்க போனுக்குத்தான் ஓடிபி வரும், நீங்க அருவிக்கு அடியில நிப்பீங்க, போன் பிளாஸ்டிக் கவர்ல இருக்கும், நான் இங்க போர்ட்டல்ல டைம் அவுட் ஆகறத பாத்துட்டு உக்காந்திருப்பேன். 21ல இருந்து 29 போங்க. 31 வரைக்கும் காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்ன் இருக்கு, சம்பளம் ஒண்ணாம் தேதி, நடுவுல அந்த ஒரு வாரம்தான் மூச்சு விடலாம். அப்போ ஆடியும் பொறந்திருக்கும், ஆடில எவன் புது சாஃப்ட்வேர் வாங்கி கையெழுத்து போடப் போறான், உங்க போட்டிக்காரன் டெமோ குடுத்தாலும் ஆவணிக்குத்தான் முடிவு.

கிளம்பறதுக்கு முன்னாடி சிலது. பேங்க்ல மேக்கர் செக்கர் போட்டு வைங்க, ஒருத்தர் பேமென்ட் போடணும் இன்னொருத்தர் ஓகே பண்ணணும், லிமிட்டும் வைங்க. எல்லா க்ளையண்ட்டும் பண்ற மாதிரி கையெழுத்து போட்ட வெத்துச் செக்க டிராயர்ல வச்சுட்டு போகாதீங்க. டிஎஸ்சி டோக்கன, அதாவது டிஜிட்டல் கையெழுத்து இருக்கற பென் டிரைவ் மாதிரி சாதனத்த, பாஸ்வேர்டு ஸ்டிக்கர் ஒட்டி எங்க ஆபீஸ்ல குடுத்துட்டுப் போறவங்க நிறைய பேரு, எங்களுக்கு வசதிதான், ஆனா அது உங்க கையெழுத்து, வெளிய குடுக்கக் கூடாது. ஓடிபி வர்ற சிம்ம கம்பெனி பேர்ல தனி சிம்மா மாத்துங்க, அது ரொம்ப நாள் முன்னாடியே பண்ணிருக்கணும். டொமைன், சர்வர் கார்டு எப்போ எக்ஸ்பையரி ஆகுதுன்னு பாருங்க. ஒரு க்ளையண்ட்டுக்கு அவரோட கிரெடிட் கார்டு எக்ஸ்பையரி ஆனதால சர்வர் நின்னு போச்சு, அவரு சபரிமலைல இருந்தாரு.

---

நோட்டீஸ்_பீரியட்:

ஊழியரா ஒரு வார்த்தை. எங்க பாஸ் லீவே எடுக்க மாட்டாரு. அவர் எடுக்காததால நாங்களும் கேக்க முடியாது, கேட்டா வாயால ஓகேன்னு சொல்லிட்டு ஒரு பார்வை பாப்பாரு பாருங்க. போன வருஷம் ஒருவழியா மணாலி போனாரு, ஆபீஸ்ல கேக் வெட்டாத குறை. அங்க இருந்து ஒரு நாளைக்கு 14 போன். பனில நின்னுட்டு வீடியோ கால்ல வந்து பட்டன் கலர் மாத்துன்றாரு. அதுக்கு அவரு இங்கயே இருந்திருக்கலாம், குறைஞ்சபட்சம் முகத்த பாத்து மூடு எப்படின்னு தெரிஞ்சுக்குவோம். என் ஹேண்டில் பேர பாத்திருப்பீங்க, அதுக்கு மேல சொல்லல.

அண்ணா, போறதுக்கு முன்னாடி அந்த டெஸ்டிங் பொண்ணுகிட்ட ஸாரி சொல்லிட்டு போங்க. எல்லார் முன்னாடி கத்தினீங்கன்னா எல்லார் முன்னாடி சொல்லுங்க.

---

ஹஸில்_மாமா:

சரிப்பா, எல்லாரும் சேர்ந்து என்னைய கும்மிட்டீங்க. அண்ணாச்சி கடை பாயிண்ட ஒத்துக்கறேன். ஆனா முழுசா விட்டுட்டுப் போறதுக்கு பழக்கம் வேணும், மூணு வருஷம் கழிச்சு மொத தடவையே 9 நாள் போன் ஆஃப்னா அவரு அங்க போயும் நிம்மதியா இருக்க மாட்டாரு. மொதல்ல ஒரு சனிக்கிழமை மட்டும் ஆபீஸ் போகாம வீட்டுல இருந்து பாக்கட்டும். திருப்பூர் சம்பள நாள தாண்டிட்டா மத்த நாள் தானா தாண்டும்.

---

பீளமேடு_பிஸி (அப்டேட்):

மன்னிச்சுக்கோங்க, ரிப்ளை போட லேட்டு. எல்லாருக்கும் நன்றிங்க. அக்கா சொன்ன மாதிரி 21ல இருந்து 29 மாத்திட்டோம், வீட்டம்மாகிட்ட தேதி மாத்தறேன்னு சொன்னதுக்கு மொதல்ல ஒரு முறை முறைச்சா, மாத்தறேன் கேன்சல் இல்லன்னு மூணு தடவை சொன்னேன். ஹஸில் மாமா சொன்னதும் செஞ்சேன், 12ஆம் தேதி சனிக்கிழமை வீட்டுலயே இருந்தேன், சாயங்காலம் 5 மணிக்கு கை நடுங்குச்சு, நிஜமா. பிளட் டெஸ்ட் எடுத்தேன், சித்தப்பா சொன்ன மாதிரியே பி12 கம்மி, டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு. டெஸ்டிங் பொண்ணுகிட்ட மீட்டிங்லயே ஸாரி சொன்னேன், பரவாயில்லீங்க சார்னு சொல்லுச்சு, மூஞ்சி பரவாயில்லன்னு சொல்லல.

போயிட்டு வந்தாச்சு. லேப்டாப் எடுத்துட்டுப் போகல. போன் இருந்துச்சு, ஆனா ஆபீஸ்ல எது வந்தாலும் அந்தப் பொண்ணுகிட்டதான் மொதல்ல போகணும், அவளுக்கு முடியாட்டி மட்டும் என்னைக் கூப்பிடணும்னு சொல்லிட்டுப் போனேன் (வேற யாரும் பொறுப்பு எடுத்துக்க முன்வரல, இது எனக்கே ஆச்சரியம்). மெயின் அருவில வெள்ளம்னு மொத ரெண்டு நாள் குளிக்க விடல, அந்த ரெண்டு நாளும் தூங்கினேன், மாமியார் எனக்கு ஏதோ சீக்குன்னு நினைச்சுட்டாங்க. அப்புறம் ஐந்தருவி, பார்டர் பரோட்டா எல்லாம் ஆச்சு.

மொத்தமா வந்தது மூணே போன். எது ஒடைஞ்சுதுன்னு சொல்றேன், மரத்தடி சார் கேப்பாரு. ஒண்ணு, எட்டு பெரிய க்ளையண்ட்டுக்கு டையிங் லாஸ் பர்சென்டேஜ், அதாவது சாயம் போடறப்ப துணி எடை எத்தனை சதவீதம் குறையும்னு, எங்கயும் எழுதியே வைக்கல, என் தலைலதான் இருந்துச்சு, அத போன்ல சொன்னேன். ரெண்டு, பேக்கப் சரியா ஓடுதான்னு பாக்கற மெயில் என் பர்சனல் மெயிலுக்கு மட்டும்தான் வருது. மூணாவதுதான் பெருசு. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு யூனிட்ல 140 டெய்லருக்கு பீஸ் ரேட் தப்பா கணக்காச்சு. வழக்கமா நான் நேரா டேட்டாபேஸ்ல கைய வச்சு சரி பண்ணுவேன். அந்தப் பொண்ணு அத பண்ணத் தெரியாம, ஏன் வாராவாரம் இந்த ஒரு யூனிட்ல மட்டும் இப்படி ஆகுதுன்னு தோண்டிப் பாத்திருக்கு. ராத்திரி ஷிப்ட்டு 12 மணி தாண்டினா தேதி மாறி ரேட்டு பழசு எடுத்துக்குது. ரெண்டு வருஷமா நான் வாராவாரம் கையால துடைச்சுட்டு இருந்த சாஃப்ட்வேர் தப்புங்க அது. அந்தப் பொண்ணு போன் பண்ணது உதவிக்கு இல்ல, சரி பண்ணிட்டேன் லைவ்ல போடலாமான்னு கேக்க. அதுவரைக்கும் சம்பளம் 40 நிமிசம் லேட்டு, யூனிட்காரர் திட்டினாரு, அவ்ளோதான்.

இப்ப புதுப் பிரச்சினை. நேத்து அந்தப் பொண்ணு வந்து ரெண்டு கேட்டுச்சு, ஆகஸ்ட் கடைசில ஒரு வாரம் லீவு, அப்புறம் சம்பளம் ஏத்தணும். லீவு உடனே ஓகே சொல்லிட்டேன். சம்பளம் எவ்ளோ ஏத்தலாமுங்க?

---

நோட்டீஸ்_பீரியட்:

61 ஆயிரத்துல ஆரம்பிங்க அண்ணா